பொல்லடிக்குப் போன பாடக்குறிப்பு

எனக்கு ஆடத் தெரியாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஆடத் தெரியாதுதான். ஆனால் அதற்காக அவர்கள் யாரும் ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. நான் ஏறினேன். ஆடத் தெரியாத எனக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் கதைக்கத் தெரிந்திருந்ததுதான் காரணம்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சாய்ந்தமருதிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தைச் செய்தவன் என்பதால், மனித உடம்பு எப்படி அசைகிறது என்ற விஷயத்தில் இந்தக் கரையோரத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (என் மொத்த மேடை அனுபவம், ஒரு நாடகத்தில் மரமாக நின்றது. அந்த மரத்தையும் இரண்டாம் காட்சியில் வெட்டிவிடுவார்கள்.)

மருதமுனையில் ஒரு இளைஞர் கழகம், உயர்தர மாணவர்களுக்கு விரிவுரை செய்யச் சொல்லி என்னைக் கூப்பிட்டது. தலைப்பு, நடனத்தின் அடிப்படை மூலகங்கள். வெண்பலகையில் ஐந்து சொற்களை எழுதினேன்: உடல், வெளி, காலம், விசை, உறவு. எந்த உறுப்பு அசைகிறது, எந்த இடத்தில், எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலத்தோடு, யாரோடு சேர்ந்து. உலகத்தில் எந்த ஆட்டத்தை எடுத்தாலும் இந்த ஐந்துக்குள் அடங்கும் என்றேன். இதைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் போதும். மிச்ச நேரம் என்னத்தைச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

முடிந்ததும் அந்தக் கழகத்தின் பொல்லடிக் குழு ஆடிக் காட்டியது. எங்கள் பக்கத்தில் கல்யாணம், திறப்பு விழா எதுவானாலும் பொல்லடி இருக்கும். பன்னிரண்டு ஆண்கள் வட்டமாக நின்று, இரண்டு கையிலும் ஒரு முழப் பொல்லை, அதாவது தடியைப் பிடித்து, பாட்டுக்கேற்ப எதிரில் நிற்பவரின் பொல்லில் தட்டித் தட்டிச் சுற்றி வருவார்கள். பாட்டைப் பாடி ஆட்டத்தை நடத்துகிறவரை அண்ணாவி என்போம். அந்தக் குழுவின் அண்ணாவி சித்தீக் காக்கா. (அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.) நாற்பது வயது இருக்கும். மீன் லொறி ஓட்டுகிறவர்.

அவர்கள் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றதும், நான் எழுந்து கருத்துச் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை.) “வெளியை நீங்கள் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. விசையில் வேறுபாடு போதாது” என்றேன்.

சித்தீக் காக்கா துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்தார். “சரி சேர்” என்றார். என் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

அதே மாதம்தான் மருதமுனையிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தமும் வந்திருந்தது. எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான். ஆகவே ஆராய்ச்சி முழுக்க மாப்பிள்ளையைப் பற்றியதாகத்தான் இருக்கும். பெண்ணின் பெயர் சுமையா. போட்டோவில் பார்த்திருந்தேன். ஒரேயொரு போட்டோ. அதை எத்தனை முறை பார்த்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாதது.

சுமையாவின் வாப்பா இடுப்பில் கட்டுகிற கைத்தறிச் சாரன் நெய்விக்கிறவர். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, என் சான்றிதழ்களை ஒரு சாரனின் ஓரத்தைச் சோதிப்பது போல விரலால் தடவிப் பார்த்தார்.

“படிப்பு சரி” என்றார். “ஆளை நாலு பேருக்கு மத்தியில பார்க்கணும். ஒரு மனிசன் நிக்கிற விதம், நடக்கிற விதத்துலயே பாதி விளங்கிரும்.”

அப்படிப் பார்ப்பதற்கு நாளும் குறிக்கப்பட்டது. மருதமுனையில் நடக்க இருந்த ஒரு கல்யாணத்துக்கு அவர்களுக்கும் அழைப்பு, எங்களுக்கும் அழைப்பு. சம்பந்தத்தைக் கொண்டு வந்த றசாக் மாமா, என் உம்மாவின் தம்பி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு அறிவுறுத்தினார்.

“மருமகன், நீ அங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. வா, சலாம் சொல்லு, புரியாணியச் சாப்பிடு, நேரா நில்லு. மிச்சத்த நான் பார்த்துக்கிறன்.”

நேராக நிற்பது எனக்குக் கைவந்த கலை. மரமாக நின்றவன் அல்லவா. ஓம் என்றேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

“சேர், அண்ணாவி சித்தீக் கதைக்கன். சனிக்கிழம கல்யாணத்துல எங்கட செட்டுத்தான் ஆடுது. ஒராளுக்கு டெங்கு. பதினொரு பேரால ஆட ஏலாது, ஜோடி வராது. நீங்க வாறீங்களா?”

“நானா?”

“உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

அந்தக் குரலில் பகிடி இருந்ததா, இல்லையா? எட்டு வருடமாகிறது. கேட்டால் இப்போதும் சிரிக்கிறாரே தவிரப் பதில் சொல்வதில்லை. அன்று எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு யன்னல்தான். கல்யாண வீட்டு யன்னலுக்குப் பின்னால் பெண்கள் நின்று பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி போட்டோவில் இருப்பவள். நேராக நிற்கிற மாப்பிள்ளையை யாருக்குப் பிடிக்கும்? பன்னிரண்டு பேருக்கு நடுவில் பொல்லைச் சுழற்றுகிற மாப்பிள்ளை என்றால் வேறு கதை.

“வாறன் காக்கா” என்றேன். மாமாவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கழகத்தின் முற்றத்தில் ஒத்திகை. என்னுடைய ஜோடி ஓட்டோ ஓட்டுகிறவராம், ஹயர் போயிருந்தார். அவருக்குப் பதிலாகச் சித்தீக் காக்காவே என் எதிரில் நின்றார். பாட்டுத் தொடங்கியது. நான் உதட்டை அசைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணத் தொடங்கினேன். காலம் என்ற மூலகத்தை நான் புரிந்துகொண்டது அப்படித்தான்.

“எண்ணாதீங்க சேர். பாட்டக் கேளுங்க” என்றார்.

கேட்டேன். பொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டு அடித்தேன்.

“பொல்லப் பார்க்காதீங்க. ஆளுட முகத்தப் பாருங்க. அவர் எந்தப் பக்கம் கிறுகித் திரும்பப் போறார் எண்டு முகத்துல தெரியும்.”

முகத்தைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்ததும் கை தானாக ஓங்கியது.

“மணிக்கட்டால தட்டுங்க. தோளால அடிச்சா அது பொல்லடி இல்ல, பொலிஸ் கேஸ்.”

வெண்பலகையில் நான் எழுதிய ஐந்து சொற்களும் எதிரில் நின்று சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு என்னைத் திட்டுவது போல இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருமாதிரிப் பிடிபட்டது. “காணும், இது போதும்” என்றார். “முதலாங் காலம் மெதுவானது, அதுல பிழைக்க மாட்டீங்க. ரெண்டாங் காலத்துல வேகம் கூடி பின்னல் வரும். ஆளுக்காள் ஊடால போகணும். அதுல பிழைச்சிட்டா சேர், ஒண்டும் யோசிக்காம…”

அந்த நேரம் பார்த்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. எல்லோரும் கால் கழுவப் போனார்கள். அந்த வசனத்தின் மிச்சத்தை நான் கேட்டிருக்க வேண்டும். படிப்பிக்கிற ஆள் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம். குழுவுக்கு வெள்ளைச் சேட்டும் நீலச் சாரனும். களிசானில் பழகிய எனக்குச் சாரன் பெரும் பயம். உள்ளே ஒரு அரைக்கால் களிசான் போட்டு, சாரனுக்கு மேலால் தோல் பெல்ட் ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தேன். மூச்சு விட முடியவில்லை. (வாசகர்கள் எதிர்பார்ப்பது எனக்கு விளங்குகிறது. இல்லை, சாரன் கழலவில்லை. கழன்றிருந்தால் ஆட்டத்தை நிறுத்த ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.)

மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு பெண் வீட்டு வாசலுக்கு வந்தோம். றோட்டில் குருத்து மணல் பரப்பியிருந்தது. முதல் வரிசைக் கதிரைகளில் பெரியவர்கள். சுமையாவின் வாப்பா நடுவில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் றசாக் மாமா. கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்த மாமாவின் கண், கடைசியில் என்னைக் கண்டது. என் முகத்தைப் பார்த்தார், சாரனைப் பார்த்தார், கையிலிருந்த பொல்லைப் பார்த்தார். வாய் மெதுவாகத் திறந்தது. அது மூடுவதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது.

எனக்கு எதிரில் வந்து நின்ற ஓட்டோக்காரரை அப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். ஒல்லி, நல்ல உயரம். என்னைத் தெரிந்தவர் போலச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதலாங் காலம். தட்டு, கிறுகு, குனி, தட்டு. சித்தீக் காக்கா சொன்னபடி எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் வலது பக்கம் போனால் நான் வலது பக்கம். பொல்லு பொல்லில் படுகிற சத்தம் பன்னிரண்டு பேருக்கும் ஒரே சத்தமாகக் கேட்டது. அதில் என்னுடையதும் ஒன்று என்று நினைக்க நெஞ்சு நிறைந்தது. யன்னல் பக்கம் ஒரு பார்வை விட்டேன். நிறைய முக்காடுகள். ஒன்றும் பிடிபடவில்லை.

பாட்டின் வேகம் கூடியது. இரண்டாங் காலம். உள் வட்டமும் வெளி வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று நுழையத் தொடங்கின. உள்ளே போய், ஒருவரைத் தட்டி, வெளியே வந்து, அடுத்தவரைத் தட்டி, மறுபடி என் ஜோடியிடம் வர வேண்டும். ஒரு சுற்று வந்தேன். பிழைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவரிடம் வந்து சேர்ந்தபோது, தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் அவர் கதைத்தார்.

“நீங்கதானே றியாஸ் சேர்?”

தலையாட்டினேன். தட்டு.

“நான் ஜவ்பர்.” தட்டு. “சுமையாட காக்கா.”

அதோடு எனக்குப் பாட்டுக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஏதோ தண்ணீருக்குள் தலையை அமுக்கிவிட்டது போல. பயத்தில் பழைய பழக்கம் வந்து, நான் எண்ணத் தொடங்கினேன். எங்கிருந்து எண்ண வேண்டும் என்று தெரியாமல் மூன்றிலிருந்து எண்ணினேன். எல்லோரும் வலது பக்கம் கிறுக, நான் இடது பக்கம் கிறுகினேன். எனக்கு முன்னால் இருக்கவே கூடாத ஒரு முதுகு இருந்தது. அதிலிருந்து தப்பித் திரும்பினால் பக்கவாட்டில் ஜவ்பர் வருகிறார். பொல்லு இருக்க வேண்டிய இடம் என்று நான் நினைத்த இடத்தில், தோளிலிருந்து, முழுப் பலத்தோடு அடித்தேன்.

அங்கே பொல்லு இல்லை. அவருடைய இடக்கை இருந்தது.

அந்தச் சத்தம் மற்றச் சத்தங்களைப் போல இல்லை. எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்டது. அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, எப்படித்தான் செய்தாரோ, மறுபடி சிரித்தார். நிற்கவில்லை. மாப்பிள்ளையை வாசலுக்குள் விடும்வரை பொல்லடி நிற்கக்கூடாது. நின்றால் கல்யாணத்துக்கு அழகில்லை. இடக்கையை மெதுவாக இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, எல்லாத் தட்டையும் வலக்கையால் வாங்கினார். மோதிர விரல் என் கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது.

அந்த விரலையே பார்த்துக்கொண்டு கிறுகினேன். என் கையிலிருந்து இடது பொல்லு கழன்று, மேலே போய், ஒருமுறை சுழன்று, முதல் வரிசையில் சுமையாவின் வாப்பாவின் மடியில் விழுந்தது.

அவர் அசையவில்லை. பொல்லை எடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். முழங்காலுக்கு மேல் குறுக்காக வைத்துக்கொண்டு மீண்டும் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். றசாக் மாமா கண்ணை மூடியிருந்தார். ஓதிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மிச்சம் நான்கு நிமிடம் இருக்கும். ஒரு கை இல்லாத ஜவ்பரும் ஒரு பொல்லு இல்லாத நானும் எதிரெதிரே ஆடினோம். எனக்கு இனி எண்ணவும் வரவில்லை, யோசிக்கவும் வரவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்தேன். அவர் கண்ணால் காட்டிய பக்கம் போனேன், அவர் நீட்டிய இடத்தில் மெதுவாகத் தட்டினேன். பஞ்சில் தட்டுவது போலத் தட்டினேன். வெட்கம் கெட்ட உண்மையைச் சொல்கிறேன்: அந்த நான்கு நிமிடமும் நான் ஒரு தட்டுக்கூடப் பிழைக்கவில்லை. சனம் அதைப் புதுவகை ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. ஒருவர் தொலைபேசியில் வீடியோவும் எடுத்தார்.

மாப்பிள்ளை உள்ளே போனதும் ஜவ்பர் மணலில் அப்படியே குந்திவிட்டார்.

கல்முனை ஆஸ்பத்திரிக்கு அவருடைய ஓட்டோவிலேயே போனோம். ஓட்டோவின் கிளச் இடது கையில். ஓட்டுகிறவருக்கு அந்தக் கையே சரியில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. சித்தீக் காக்கா லொறியை ஓட்டுவது போல ஓட்டினார். பின்னால் நாங்கள் இரண்டு பேரும், நீலச் சாரனோடு.

“அண்ணாவி, பின்னல்ல பிழைச்சா என்ன செய்யணும் எண்டு நேத்துச் சொல்ல வந்தீங்க” என்று கேட்டேன்.

“ரெண்டு பொல்லயும் தலைக்கு மேல தூக்கிட்டு அசையாம நிக்கணும் சேர். மத்தாக்கள் சுத்திப் போயிருவாங்க.”

அசையாமல் நிற்பது. எனக்கு வரக்கூடிய ஒரே விஷயம்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மோதிர விரல் முறிந்திருந்தது. தகடு வைத்துக் கட்டி, நான்கு கிழமை அசைக்கக்கூடாது என்றார்கள். அவருடைய வருமானமே அந்தக் கிளச்சில்தான். மன்னிப்புக் கேட்டேன். ஒருமுறை அல்ல, மருந்து எடுக்கிற வரிசை முடியும்வரை கேட்டேன். அவர் கடைசியில், “சேர், விரல் நோகுது. இப்ப காதும் நோகுது” என்றார்.

வீட்டில் றசாக் மாமா காத்திருந்தார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

“நேரா நில்லு எண்டுதானே மருமகன் சொன்னன்” என்றார். “மாப்பிள்ளையக் காட்டப் போன இடத்துல மச்சான்ட விரல முறிச்சிட்டு வந்த முதலாவது ஆள் நீதான்.”

அடுத்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் யாரும் உரத்துக் கதைக்கவில்லை. மருதமுனையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் பாடசாலையில் ‘உறவு’ என்ற மூலகத்தைப் படிப்பிக்க வேண்டிய கிழமை அது. பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சுயமாக வாசிக்கச் சொன்னேன்.

நான்காம் நாள் பின்னேரம் சுமையாவின் வாப்பா வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு சாமான். சலாம் சொல்லி உட்கார்ந்து, அதை மேசையில் வைத்துப் பிரித்தார். என் பொல்லு.

“இது உங்கட” என்றார்.

உம்மா கதவுச் சேலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மாமா தொண்டையைச் செருமினார். சம்பந்தத்தை முறிக்க வருகிறவர்கள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். இங்கே கொடுத்தது இது ஒன்றுதான்.

“ஒரு விஷயம் கேட்கணும்” என்றார் என்னைப் பார்த்து. “ஜவ்பர்ர கையில பட்டது உங்களுக்கு அந்த நேரமே விளங்கினதா?”

“ஓம்.”

“அப்ப ஏன் நிப்பாட்டல்ல?”

நாலைந்து நல்ல பதில்கள் வாய்வரை வந்தன. கூட்டு அசைவின் தொடர்ச்சி என்று ஒன்று, ஆற்றுகையாளனின் பொறுப்பு என்று ஒன்று. எதைச் சொன்னாலும் அந்த மனிதர் விரலால் தடவிப் பார்த்தே போலி என்று கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது.

“எப்பிடி நிப்பாட்டுறது எண்டு எனக்குத் தெரியா” என்றேன். “எனக்கு ஆடவே தெரியா. தெரியும் எண்டு காட்டத்தான் போனன். அவர் முகத்தப் பார்த்துக்கிட்டே மிச்சத்த முடிச்சிட்டன்.”

அவர் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

“மகள்ட்டயும் கேட்டன்” என்றார். “அந்த வீடியோவ எத்தின தரம் பார்த்தாளோ தெரியா. ‘இவருக்கு ஆடத் தெரியா வாப்பா, ஆனா பிழைய விட்டுட்டு ஓடல்ல’ எண்டு சொல்றா.” பிறகு, மாமாவின் பக்கம் திரும்பி, “ஜவ்பர்ர கட்டு அவிழ்த்த பிறகு நாள் வைப்பம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பொல்லடி வேணாம்” என்றார்.

சுமையா இதை வாசித்துவிட்டு, தான் வீடியோவை இரண்டே தரம்தான் பார்த்ததாக இங்கே குறிப்பிடச் சொல்கிறாள். குறிப்பிட்டுவிட்டேன்.

நான் மருதமுனையில் அவர்கள் வீட்டில் குடியேறி ஏழு வருடம். ஜவ்பர் மச்சானின் விரல் ஆறிவிட்டது. கொஞ்சம் கோணல்தான், கிளச்சுக்கு வசதி என்கிறார். ஆனால் நான் எதற்காகவாவது கையை உயர்த்தினால் போதும், சோற்றுக் கோப்பையை எடுத்தாலும் சரி, மேசையிலிருந்த பத்திரிகையை நீட்டினாலும் சரி, அவர் தன் இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. அவரைப் பார்த்து மாமியும் செய்யத் தொடங்கினார். பிறகு சுமையா. விருந்துக்கு வந்தவர்கள்கூடச் செய்வார்கள். மாமா, அதாவது அவளுடைய வாப்பா, மட்டும் செய்ததில்லை. அவர் கைகளை முழங்காலில் வைத்தபடியே என்னைப் பார்ப்பார், அது போதும்.

எங்கள் மகளுக்கு நான்கு வயது. அவளுக்கு விரலும் தெரியாது, பொல்லும் தெரியாது. யாராவது கையை நீட்டினால் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறாள். இந்த வருடம் முன்பள்ளியில் சேர்த்தோம். முதல் கிழமையே டீச்சர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு கையையும் நீட்டி வட்டமாகப் பிடித்து ஆடச் சொன்னால் பிள்ளை ஒரு கையைத்தான் தருகிறாள் என்றார்.

“பிள்ளைட இடக் கையில நோய், வருத்தம் ஏதும் இரிக்கா சேர்?”

வாசலில் மற்றப் பிள்ளைகளின் உம்மாமார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முழுக் கதையையும் சொல்ல அது இடமில்லை.

“வருத்தம் இல்ல டீச்சர்” என்றேன். “எங்கட குடும்பத்துல பரம்பரையா வாறது.”

டீச்சர் மிகவும் அனுதாபத்தோடு தலையசைத்து, பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.